ஆறு புள்ளி வித்தியாசம்

கிராஃப்டன், வடக்கு டகோட்டா
29 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ராய்ஸ் எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, கைகள் மட்டும் வெடித்திருக்கின்றன. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? தண்ணீர்ப் பரிசோதனை லேபில் புது நாற்காலி கேட்டாயே, கொடுத்தார்களா?

சர்க்கரை ஆலையில் என்னை பீட் கிழங்கு கழுவும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை. வெளியே கிழங்கு மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. அது தீரும்வரை, அதாவது ஏப்ரல் கடைசிவரை, வேலை உண்டு. தங்குவது ஆலைக்கு எதிரே ஒரு மோட்டலில். பக்கத்து அறையில் டெல்பர்ட் என்று ஒருவர், அறுபத்து மூன்று வயது, பதினாறாவது வருஷமாக வருகிறாராம். "எதுக்குப்பா இண்டியானாவுல இருந்து இந்தக் குளிருக்கு வந்த? கொலை கிலை பண்ணிட்டியா?" என்று கேட்டார். "இந்த மாநிலத்துல ஃபோன்ல பந்தயம் கட்டச் சட்டத்துல இடம் இல்லைன்னாங்க, அதான் வந்தேன்" என்றேன். "கொலையே தேவலை" என்றார்.

பொத்தான் ஃபோன்தான் வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மகள் ஆட்ரியுடன் பேசுவதற்கு மட்டும். நாம் இருவரும் கடிதம் எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. "உன் பொய் குரல்ல நல்லா இருக்கும், எழுத்துல தடுமாறும்" என்று சொன்ன காரணம்தான் பிடிக்கவில்லை.

சம்பளம் நேரே உன் பெயருக்கு வந்துவிடும். சூதாட்டத்தை விட்டவர்களின் கூட்டத்தில் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: உன் பணத்தை நீ வைத்துக்கொள்ளாதே, நம்பகமான ஒருவரிடம் ஒப்படை. எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய். என்னைப் பிரிந்த ஷானன் சொன்னது உனக்கும் தெரியும். "கதவு சாத்திக்கிற மாதிரி ஒரு ரூம் என் பொண்ணுக்கு இருந்தா ஜூன்ல அனுப்புறேன். உன் சோபாவுல எல்லாம் அவ படுக்க மாட்டா." நம்மூரில் இரண்டு படுக்கையறை உள்ள ஒரு வாடகை வீடு, அவ்வளவுதான் வேண்டும். வேலை முடிவதற்குள் அதற்கான முன்பணம் சேர்ந்துவிடும். மூன்று வருஷமாக ஆட்ரி என்னோடு ஓர் இரவு தங்கியதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். மோட்டல் முன்கூடத்தில் டிவி இருக்கிறது. கூடைப்பந்து சீசன் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் போகாமல் சாப்பிடப் போக முடியாது. பந்தயம் இல்லை, கருத்து மட்டும். லூயிவில் அணியின் டில்லார்டுக்கு முப்பத்தாறு வயது, முழங்கால் போய்விட்டது, அவ்வளவுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் சொல்கிறேன், கிழவன் இந்த வருஷம் எல்லோரையும் அழவைப்பான். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தொண்டையில் நிற்கிறது. உன்னிடம் எழுதலாமா?

உன் தம்பி,
ராய்ஸ்


மன்சி, இண்டியானா
8 நவம்பர் 2023

அன்புள்ள ராய்ஸ்,

நான் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. நாற்காலி வரவில்லை, நாற்காலி கேட்பதற்கான படிவம் வந்திருக்கிறது. கைக்கு ஆலையில் தரும் களிம்பு போதாது. வாசலின் தடவி, மேலே பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்கு.

முதல் சம்பளம் வந்துவிட்டது. தனியாக ஒரு கணக்கு திறந்து அதில் போட்டிருக்கிறேன்.

உன் கேள்வியை மூன்று நாள் யோசித்தேன். கூட்டத்தில் கேட்டால் வேண்டாம் என்பார்கள். ஆனால் வேண்டாம் என்று சொன்னதற்காக நீ நிறுத்திய எதுவும் எனக்கு நினைவில் இல்லை. ஆகவே எழுது. கடிதம் வந்துசேர ஐந்து நாள் ஆகிறது. அதற்குப் பின்னால் நடக்கும் ஆட்டங்களைப் பற்றி மட்டும் எழுது. முடிந்த ஆட்டத்தைப் பற்றி எல்லோருக்கும்தான் கருத்து உண்டு. மழுப்பாமல் எழுது. யார், எத்தனை புள்ளியில் என்று. நான் குறித்துவைத்துச் சரிபார்ப்பேன். குழாய்த் தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பதும் இப்படித்தான். போதுமான மாதிரிகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலான பயங்களும் பெரும்பாலான நம்பிக்கைகளும் கரைந்துபோகும். உன் திறமையும் அப்படிக் கரைவதை நீயே பார்த்தால் உனக்கு நல்லது.

உன் பேச்சை நான் நம்பியதில்லை. கோபத்தில் சொல்லவில்லை, வெகுநாள் பழக்கம்.

சாப்பாட்டை விடாதே.

நடீன்


கிராஃப்டன்
20 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

கையுறை வேலை செய்கிறது. டெல்பர்ட் பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கடா" என்கிறார். உனக்கு ஜலதோஷம் வரும் மாதம் இது. பார்த்துக்கொள்.

என் கருத்துகளைத் தனித்தாளில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன், பதினொன்று. காரணங்களை இங்கே சொல்கிறேன். கான்சாஸ் சிட்டி அணியின் ராடெனோவிச் ஏழடி இரண்டங்குலம். அவ்வளவு உயரமான மனிதன் விமானத்தில் காலை எங்கே நீட்டுவான்? வெளியூரில் அடுத்தடுத்த நாள் இரண்டு ஆட்டம் என்றால் இரண்டாவதில் அவன் நின்றுகொண்டே தூங்குகிறான். டில்லார்டைப் பயிற்சியாளர் பத்திரிகையில் திட்டினால் அடுத்த ஆட்டத்தில் முப்பது புள்ளி எடுப்பான். டிவியில் வரும் நிபுணர்கள் முழங்காலைப் பார்க்கிறார்கள். நான் முகத்தைப் பார்க்கிறேன்.

நீ கேட்காவிட்டாலும் இதைச் சொல்கிறேன், அப்போதுதான் என் நோய் புரியும். யார் ஜெயிப்பார்கள் என்பதன்மேல் நாங்கள் பணம் வைப்பதில்லை. லூயிவில் ஆறரைப் புள்ளிக்கு மேல் ஜெயிக்க வேண்டும் என்று கம்பெனி ஒரு கோடு போடும். ஏழில் ஜெயித்தால் உனக்குப் பணம். ஆறில் ஜெயித்தால் ஊரே கொண்டாடும், நீ மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பாய். அரைப் புள்ளியை எந்த ஆட்டக்காரனாலும் எடுக்க முடியாது. சமம் என்று சொல்லி யாரும் தப்பிவிடக் கூடாது என்பதற்காக வைத்த அரை அது. ஆட்ரியின் ஏழாவது பிறந்தநாளில் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் எங்கள் அணி ஜெயித்தது. பிள்ளைகள் கூத்தாடினார்கள். நான் குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஷானன் வெளியே நின்று, "ஜெயிச்சதுக்கு எதுக்குடா அழற?" என்றாள். அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

ராய்ஸ்


மன்சி
5 டிசம்பர் 2023

அன்புள்ள ராய்ஸ்,

ஜலதோஷம் வந்து போய்விட்டது. உன் கை எப்படி?

பதினொன்றில் எட்டு சரி. தற்செயலாக இருக்கலாம். நாணயத்தைச் சுண்டினாலும் பதினொன்றில் எட்டு எப்போதாவது விழும். இன்னும் மாதிரிகள் வேண்டும்.

மாதிரித் தண்ணீர் சேகரிக்கும் வண்டி ஓட்டும் லமாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், சதா ஃபோனும் கையுமாக இருப்பவர். என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"என்ன நடீன் இது, க்ளோரின் அளவா?"

"என் தம்பியோட கருத்து."

"பதினொண்ணுல எட்டா? எங்க இருக்கார் அவரு? நான் தத்து எடுத்துக்கிறேன்."

"சர்க்கரை ஆலையில கிழங்கு கழுவுறான்."

"கடவுள் யார்கிட்ட எதைக் கொடுத்து வைக்கிறாரு பாருங்க" என்றார். பிறகு தன் ஃபோனைக் காட்டினார். புதிதாகச் சேர்ந்து பத்து டாலர் போட்டால் பந்தயக் கம்பெனியே இன்னொரு பத்து போடுமாம். ஏன் போடுகிறார்கள் என்று கேட்டேன். "எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எப்படி வாழுறது?" என்றார். அதற்குத்தான் நகராட்சி எனக்குச் சம்பளம் தருகிறது என்றேன்.

பணம் ஒழுங்காகச் சேர்கிறது. வெஸ்ட் ஜாக்சன் தெருவில் ஒரு வீடு காலியாகப் போகிறது. இரண்டு படுக்கையறை, பின்னால் ஒரு மேப்பிள் மரம். வீட்டுக்காரம்மாவிடம் பேசியிருக்கிறேன். மார்ச் பாதிவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார்.

அடுத்த தாளை அனுப்பு.

நடீன்


கிராஃப்டன்
22 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறது. உன் வீட்டு ஹீட்டரைப் பார்க்க ஆள் வந்தானா? குளிரில் முதுகு இன்னும் மோசமாகும்.

ஆட்ரியிடம் மேப்பிள் மரத்தைப் பற்றிச் சொன்னேன். "மரம் என் ரூம் ஜன்னல்ல இருந்து தெரியுமாப்பா?" என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். தெரியுமா? தெரியாவிட்டால் சொல்லிவிடு, திருத்திக்கொள்கிறேன். இனி அவளிடம் சிறிய பொய்கூட வேண்டாம் என்று பார்க்கிறேன்.

தாள் உள்ளே இருக்கிறது, ஒன்பது கருத்து. எனக்கு மிகவும் பிடித்தது ஜனவரி நான்காம் தேதி ஆட்டம். லூயிவில் பஃபலோவை ஏழு, எட்டுப் புள்ளியில் ஜெயிக்கும்.

நேற்று டெல்பர்ட் கேட்டார், எப்படித் தொடங்கினாய் என்று. எல்லோரும் தோற்று அழிந்த கதை சொல்வார்கள். நான் முதல் பந்தயத்தில் ஜெயித்தேன். இரண்டாவதிலும் மூன்றாவதிலும். எனக்கு நடந்த பெரிய கெடுதல் அதுதான். முதல் நாளே நல்ல அடி விழுந்திருந்தால் சீ என்று தூக்கிப் போட்டுவிட்டு இன்றைக்கு என் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். "அப்ப எவனாவது உனக்கு மொதல்லயே தப்பா சொல்லிக் கொடுத்திருக்கணும்கிற" என்றார் டெல்பர்ட். ஆமாம் என்றேன்.

ராய்ஸ்


மன்சி
9 ஜனவரி 2024

அன்புள்ள ராய்ஸ்,

நலம். ஹீட்டர் சரியாகிவிட்டது. தூக்கம்தான் கொஞ்சம் குறைவு. வயது காரணமாக இருக்கலாம்.

மரம் சின்ன அறை ஜன்னலிலிருந்து தெரியும். போய்ப் பார்த்தேன்.

ஒன்பதில் ஆறு சரி என்று வைத்துக்கொள்ளலாம். லூயிவில் பஃபலோவை ஜெயித்தது, ஆனால் ஆறு புள்ளிதான். என்ன செய்வது. கடைசி நிமிஷத்தில் டில்லார்ட் அந்த இலவச எறிதலைத் தவறவிட்டிருக்க வேண்டாம்.

ராடெனோவிச்சின் கணுக்கால் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா? பத்திரிகைகள் தெளிவாகச் சொல்வதில்லை. அடுத்த தாளை விரைவுத் தபாலில் அனுப்ப முடியுமா? செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். தாமதமாக வந்தால் சரிபார்ப்பதற்கு வசதியாக இல்லை.

நடீன்


கிராஃப்டன்
17 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. இங்கே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. கிழங்கு கல்லாகிவிட்டது. நீ ஏன் தூங்கவில்லை? தூங்குவதற்கு முன்னால் டிவி, ஃபோன் எதையும் பார்க்காதே.

உன் கடிதத்தில் ஒரு வரியை நாலைந்து தடவை படித்தேன். ஒன்றும் இல்லை, சும்மாதான்.

இந்த முறை தாள் இல்லை. ஒரே ஒரு கருத்து. பிப்ரவரி மூன்றாம் தேதி, பஃபலோவில், கான்சாஸ் சிட்டி பத்துப் புள்ளிக்கு மேல் ஜெயிக்கும். கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன். ராடெனோவிச்சின் கணுக்காலைப் பற்றிக் கவலைப்படாதே. டெல்பர்ட்டிடம் சொன்னதற்குச் சிரித்தார். "ஆறு நாள்ல நாலாவது ஆட்டம், அந்தாளு நொண்டுறான், அதுவும் பஃபலோ பனியில. உனக்கு மூளை உறைஞ்சு போச்சாடா?" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

இனி கொஞ்ச நாளைக்குக் கருத்து எழுதப்போவதில்லை. சலித்துவிட்டது. நீ வேறு ஏதாவது எழுது. லேபைப் பற்றி எழுது. நாற்காலி வந்ததா?

ராய்ஸ்


கிராஃப்டன்
20 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. வீட்டு ஃபோனில் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. லேபில் கூப்பிட்டேன். எடுத்தவர், "நடீனா, இருக்காங்களே, இப்பத்தான் அந்தப் பக்கம் போனாங்க" என்றார். ஆக உயிரோடு இருக்கிறாய்.

அந்த ஆட்டத்துக்காக என்மேல் கோபமா? திட்டி எழுது. அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

ஆட்ரி தன் அறைச் சுவரின் நிறம் என்ன என்று கேட்கிறாள். வெள்ளையாக இருந்தால் அவளே பூசிக்கொள்வாளாம், மஞ்சள்.

ராய்ஸ்


மன்சி
3 மார்ச் 2024

அன்புள்ள ராய்ஸ்,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் நலமாக இருக்க வேண்டும்.

உன் பணம் போய்விட்டது. நான் பந்தயத்தில் வைத்துத் தோற்றேன். ஜாக்சன் தெரு வீடும் இல்லை. இதைக் கடைசி வரியில் எழுதப் பார்த்து ஏழு தாள்களைக் கிழித்தேன். ஆகவே முதலில் எழுதிவிட்டேன்.

டிசம்பரில் லமார் சொன்ன பத்து டாலரில் தொடங்கியது. உன் கருத்துகளை அளப்பதற்கு ஒரு கருவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காசு வைத்தால் கவனமாகக் குறிப்பெடுப்போம் என்றும் சொல்லிக்கொண்டேன். படித்தவர்களுக்குத் தங்களை ஏமாற்றிக்கொள்ள நல்ல வாக்கியங்கள் கிடைத்துவிடுகின்றன. நீ சொன்னது போலவே முதலில் ஜெயித்தேன். ஜனவரியில் நீ எழுதாத ஆட்டங்களிலும் வைத்தேன். ஒரு சனிக்கிழமை காலை, ஊற்றிய காபி ஆறுவதற்குள், கொரியாவில் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்தில் வைத்தேன். அவர்களில் ஒருத்தியின் பெயரும் எனக்குத் தெரியாது. என் பணம் தீர்ந்தது. அதை மீட்க உன்னுடையதில் கொஞ்சம் எடுத்தேன். பிறகு அந்தக் கொஞ்சத்தை மீட்க.

பிப்ரவரி தொடங்கியபோது உன் கணக்கில் பாதிதான் இருந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு ஆறு வாரத்தில் முன்பணம் கொடுக்க வேண்டும். உன் கடிதம் மேஜையில் இருந்தது. டெல்பர்ட் சொன்னதுதான் எனக்கும் நியாயமாகப் பட்டது. கணுக்கால், நாலாவது ஆட்டம், பனி, எல்லாம் அவர் பக்கம். ஆனாலும் நீ கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன் என்று எழுதியிருந்தாய். முதல் முறையாக, இவனுக்குத் தெரியும் என்று நினைத்தேன். மீதி எல்லாவற்றையும் வைத்தேன்.

பத்தொன்பது புள்ளியில் தோற்றார்கள். ராடெனோவிச் பாதி ஆட்டத்துக்கு முன்பே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உன்னைக் குறை சொல்லவில்லை. அதையும் சேர்த்து இருபத்தொன்றில் பதினான்கு சரி. நல்ல கணக்குதான். எந்த மனிதனும் எப்போதும் சரியாக இருக்க முடியாது.

திருப்பித் தருவேன். ஆனால் ஜூனுக்குள் முடியாது. ஆட்ரியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது.

நடீன்


கிராஃப்டன்
14 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்.

உன் கடிதத்தைக் கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். டெல்பர்ட் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருடா செத்தா?" என்றார். "யாரும் சாகலை. எங்கக்கா எங்க கூட்டத்துல சேர்ந்துட்டா" என்றேன். அன்று முழுவதும் அவர் என் வேலையையும் சேர்த்துச் செய்தார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் இருந்தது. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை, பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு எதையும் தூக்க முடிவதில்லை.

நீ முதலில் எழுதியது போல நானும் எழுதிவிடுகிறேன். கான்சாஸ் சிட்டியைப் பற்றி நான் எழுதியது பொய். டெல்பர்ட் சிரித்ததெல்லாம் என் கற்பனை. கணுக்கால், நாலாவது ஆட்டம், பனி, எல்லாம் நானே அவரிடம் சொன்னவை. அவர்கள் பதினைந்து புள்ளிக்கு மேல் தோற்பார்கள் என்றும் சொன்னேன்.

"ஆறு புள்ளிதான், என்ன செய்வது" என்று எழுதியிருந்தாயே, அப்போதே தெரிந்துவிட்டது. அன்றைக்கு டிவியின் அடியில் ஓடிய கோடு ஆறரை. ஜெயித்த ஆட்டத்துக்கு இந்த உலகத்தில் ஒரே ஜாதிதான் வருத்தப்படும். நான் அந்தக் குளியலறையில் உட்கார்ந்தவன்.

கேட்டிருக்கலாம். அக்கா, பந்தயம் கட்டுகிறாயா என்று மூன்று வார்த்தை. ஃபோன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அப்படிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். நானே அந்தப் பதிலை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகவே ஒரு அடி விழட்டும் என்று நினைத்தேன். நீ இருபது டாலர் வைப்பாய், தோற்பாய், என்னைக் கிழித்து ஒரு கடிதம் எழுதுவாய், ஃபோனிலிருந்து அந்தப் பந்தய ஆப்பை அழித்துவிடுவாய். இருபது டாலருக்கு மேல் நீ வைக்க மாட்டாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் நீ நம்பியதில்லை. அந்தக் கணக்கை வைத்துத்தான் எழுதினேன். என் பணத்தைத் தொட்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கூட்டத்தில் சொன்னால் இதையும் பந்தயம் என்றுதான் சொல்வார்கள். உன் சந்தேகத்தின்மேல் வைத்தேன். தோற்றேன். நீ என்னை நம்பிய ஒரே நாள், நான் பொய் சொன்ன நாள்.

மன்சியில் செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு, லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில். பக்கக் கதவு வழியாகப் போக வேண்டும். காபி மோசமாக இருக்கும். போ.

ஆட்ரியிடம் இந்த ஞாயிறு நானே சொல்கிறேன். ஷானனிடமும். உன் பெயரைச் சொல்லவில்லை, வீடு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்வேன். அது பொய் இல்லை.

முதுகு எப்படி இருக்கிறது?

ராய்ஸ்


மன்சி
30 மார்ச் 2024

அன்புள்ள ராய்ஸ்,

முதுகு பரவாயில்லை. நாற்காலி வந்துவிட்டது. தவறான அளவு.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு ஜனவரிக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். உன் பொய் எழுத்தில் தடுமாறும் என்று சொல்லியிருந்தேன். தடுமாறவில்லை. என் உண்மைதான் தடுமாறியிருக்கிறது.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சில நாள் இருந்தேன். அது களைப்பான வேலை. விட்டுவிட்டேன்.

இரண்டு செவ்வாய் போனேன். முதல் வாரம் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இரண்டாம் வாரம் பெயரைச் சொன்னேன். நான் வேதியியல் படித்தவள் என்றும் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் ஃப்ளோரன்ஸ் என்று ஒருவர், "அதுக்கென்ன கண்ணு, போன வருஷம் ஒரு கணக்கு வாத்தியார் வந்தாரு. ரெண்டு பாதிரியார் இருக்காங்க. உட்காரு" என்றார். ஆப்பை அவர் முன்னால் அழித்தேன். உன் சம்பளத்தை இனி நான் வைத்துக்கொள்ள முடியாது, என் சம்பளத்தை நீ வைத்துக்கொள்ள முடியாது என்றேன். "ரெண்டையும் என்கிட்ட கொடு" என்றார். "எனக்குக் கூடைப்பந்துல எந்தப் பக்கம் கூடைன்னே தெரியாது. நான் குதிரைப் பந்தயக்காரி. விட்டுப் பதினெட்டு வருஷமாச்சு."

ஷானனுக்கு நானே ஃபோன் செய்தேன். நீ மறைத்த பெயரையும் சொன்னேன். "நீங்களுமா நடீன்?" என்றாள் அவள். அவ்வளவுதான். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

பிறகு சொன்னேன்: என் வீட்டில் பின்னறை ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷம் அதில் என் புத்தகங்கள்தான் இருந்தன. அதைக் கொடுக்கலாம் என்று அக்டோபரிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நீ கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. வீட்டில் சத்தம் எனக்குப் பிடிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், அந்தப் பெயரை நானும் காப்பாற்றிக்கொண்டேன். நீ ஜூன் முழுக்க முன்னறை சோபாவில் படுத்துக்கொள்ளலாம். ஷானன், "கதவு சாத்துமா?" என்றாள். சாத்தும் என்றேன். "செவ்வாய்க்கிழமை நீங்க ரெண்டு பேரும் கூட்டத்துக்குப் போகணும். ஒரு வாரம் தவறினா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள். சரி என்றேன்.

புத்தகங்களைப் பெட்டியில் போட்டுவிட்டேன். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் நானே பொருத்தினேன், கொஞ்சம் கோணல். ஜன்னலில் மரம் எதுவும் தெரியாது, பக்கத்து வீட்டு கராஜ்தான் தெரியும். இதை ஆட்ரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. மஞ்சள் பெயின்ட் வாங்கிவைக்கவில்லை. அவளே வந்து தேர்ந்தெடுக்கட்டும்.

நடீன்


கிராஃப்டன்
8 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கை ஆறிவிட்டது. குவியல் கரைந்துவிட்டது, மூலையில் நாலைந்து லாரிக் கிழங்குதான் பாக்கி.

ஆட்ரியிடம் கராஜ் என்று சொன்னேன். "கராஜ் என்ன கலர்?" என்றாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

லூயிவில் கடைசிச் சுற்றுக்குப் போய்விட்டது. டில்லார்ட் நேற்று நாற்பத்தொரு புள்ளி. முன்கூடத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், ஏதாவது சொல்வேன் என்று. எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. கையுறையைப் போட்டுக்கொண்டு தூங்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் இருபத்தேழு, சனிக்கிழமை, மாலை நாலு பத்துக்கு பஸ் மன்சிக்கு வரும். நிறுத்தத்துக்கு வருவாயா? வர முடியாவிட்டால் நடந்து வந்துவிடுவேன், பை ஒன்றுதான்.

ராய்ஸ்


மன்சி
15 ஏப்ரல் 2024

அன்புள்ள ராய்ஸ்,

நான் நலம். கராஜ் பச்சை, வெளுத்த பச்சை.

சோபாவுக்குப் புதிய உறை போட்டிருக்கிறேன். சனிக்கிழமை இரவுக்கு மாட்டிறைச்சிக் குழம்பும் நூடுல்ஸும் செய்கிறேன். ஞாயிறு உன் இஷ்டம். செவ்வாய் ஏழு மணிக்கு இருவரும் போகிறோம்.

நிறுத்தத்துக்கு வருகிறேன். நாலு பத்து என்று எழுதியிருந்தாய். பஸ் கம்பெனிக்கு ஃபோன் செய்து கேட்டேன்.

சரிதான்.

நடீன்